செங்கல் நின்ற இடம்

சூளகிரி விடுதியில் நாலு மணிக்கு எழுவது
நாங்கள் இல்லை, எங்கள் வாளிகள்.
குளியலறை வாசலில் பதினேழு வாளி,
மார்க்கரில் பெயர் எழுதி:
மாதேஸ்வரி, நதியா, சென்னம்மா, இன்னொரு நதியா.
பனி கால்விரலைக் கடிக்கும் மார்கழியில்
வாளி நிற்கும், நாங்கள் தூங்குவோம்.

துயென் அதைப் பார்த்து முதலில் சிரித்தாள்.
அப்புறம் படம் எடுத்தாள்.
அப்புறம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

வியட்நாமிலிருந்து மூன்று மாதத்துக்கு
எங்களுக்கு வேகம் கற்றுத்தர வந்தவள்.
ஓட்டல் என்று சொல்லிக் கூட்டிவந்து
எங்கள் மாடியிலேயே தங்கவைத்தார்கள்.
அவள் ஆலையில் ஒரு போர்டுக்குப் பதினொரு நொடி,
எங்களுக்குப் பத்தொன்பது.
நடுவில் இருக்கும் எட்டு நொடியைப் பிடுங்குவதுதான்
அவளுக்குத் தந்த வேலை.

கைபேசி மொழிபெயர்க்கும், தப்பும் தவறுமாய்.
"என் அம்மா செங்கல்" என்றது அன்று.
விழித்தோம்.
பொறுமையாய் மறுபடி சொன்னாள்:
கூப்பன் காலத்தில், அரிசிக் கடை வரிசையில்
அம்மா தன் பெயர் எழுதிய செங்கல்லை வைத்துவிட்டு
அரசு நூற்பாலைக்கு ஓடுவாளாம்.
பின்னால் நிற்பவர்கள் தள்ளித் தள்ளி
செங்கல் முன்னால் போகும்.
சாயங்காலம் வந்தால் அரிசி இருக்கும், புழுவோடு.
சில நாள் செங்கல் மட்டும் இருக்கும்.

பிறகு சீர்திருத்தம் வந்தது.
வரிசை போனது. கடை நிறைய அரிசி.
ஆலையும் போனது.
கொஞ்ச மாதச் சம்பளமும் ஒரு சுவர்க் கடிகாரமும்
கையில் கொடுத்து அம்மாவை அனுப்பினார்கள்.
கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம்.

"எது நல்லது?" என்றாள் நதியா,
எதையும் நேராய்க் கேட்பவள்.
துயென் வெகுநேரம் தட்டினாள். கைபேசி சொன்னது:
"பசி போய்விட்டது. அம்மா கோபம் போகவில்லை."
மொழிபெயர்ப்பு சரிதானா, தெரியாது.

பாஸ்போர்ட்டில் ஒரு சொல்லைக் காட்டினாள்.
கைபேசி அதைச் "சமதர்ம" என்றது.
அட, எங்கள் புத்தகத்திலும் உண்டே,
பாப்பாரப்பட்டிப் பள்ளியில் முகவுரை ஒப்பித்தபோது
மூச்சுவிடாமல் தாண்டிப்போன சொல்.
ஐந்து மார்க் கேள்வி. எனக்கு நாலு.

சங்கம் உண்டா என்று கேட்டேன்.
உண்டாம். தலைவர், ஆலையின் மனிதவள மேலாளர்.
பிறந்தநாளுக்கு கேக் தருவாராம்.
உங்களுக்கு? என்றாள்.
கேக்கும் இல்லை என்றேன்.
சிரித்தோம், வேறென்ன செய்ய.

இந்த ஆலையில் எனக்கு ஏழு வருஷம்.
காகிதத்தில் ஒன்பது மாதம்.
பதினோரு மாதம் முடியும் முன்னே
காண்ட்ராக்டர் கம்பெனிப் பெயரை மாற்றுவார்,
முருகன் பெயரில் ஒன்று, மாரியம்மன் பெயரில் ஒன்று.
சாமி மாறும், பி.எஃப். எண் மாறும்,
நான் நிற்கிற இடம் மாறாது.

இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களை
நாலாக மடித்துவிட்டார்களாம்.
தொழிலுக்கு நல்லது என்கிறார் சூப்பர்வைசர் தீர்த்தகிரி.
அவருக்கும் காகிதத்தில் ஒன்பது மாதம்தான்.

மூன்றாம் மாதம் பதின்மூன்று நொடிக்கு வந்தோம்.
லட்டு கொடுத்தார்கள்.
மறுவாரம் லைனில் நாற்பது பேர்
முப்பத்தொன்று ஆனோம்.
சென்னம்மா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு
பாலக்கோடு பஸ் ஏறினாள்.
துயென் அந்த லட்டைச் சாப்பிடவில்லை,
அதையும் எழுதிவைக்க வேண்டும்.

அவள் ஊருக்குப் போன மறுநாள்
நாலு மணிக்கு நானே எழுந்தேன்.
சென்னம்மா வாளி நின்ற இடத்தில்
ஒரு செங்கல்.
மார்க்கரில், தமிழில், கோணல்மாணலாய் அவள் பெயர்,
கடைசித் துணைக்கால் மட்டும் விட்டுப்போய்.

புதிதாய்ச் சேர்ந்த பெண் பின்னால் வந்து
"இது யாருதுக்கா?" என்றாள்.
ஆள் வரும், நீ தள்ளி வை என்றேன்.
முன்னால.